அண்ணனுக்கு ஒரு லங்காஸ்டர்

மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் ரயிலில் பெட்டி பார்த்து ஏற வேண்டும். வழியிலேயே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி வெவ்வேறு மலையடிவார ஊர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு துண்டு போய்விடும், ஷாஃப்ட்லாக்கில் இன்னொன்று. என் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறவர்கள். கையில் ஊன்றுகோல், முதுகில் மூட்டை, காலையிலேயே மதிய பீரைப் பற்றிய பேச்சு. க்முண்ட் நிலையத்தில் இறங்கியதும் அவர்கள் ஏரிப் பக்கம் திரும்பினார்கள். நான் டுர்ன்பாக் கிராமத்துப் பக்கம் நடந்தேன்.

புல்சரிவுகளில் மாடுகள் மேய்கின்றன. கழுத்து மணிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. தெற்கே ஆல்ப்ஸ். இவ்வளவு செழிப்பான இடத்தில் ஏறக்குறைய 3,000 பேர் கொண்ட ஒரு போர்க் கல்லறை இருப்பதை அந்தப் பகுதிக்காரர்களே அடிக்கடி நினைப்பார்களா என்று தெரியவில்லை. வழி கேட்டபோது ஒரு பெண்மணி, யோசிக்கக்கூட இல்லாமல், "ஆங்கிலேயர்களா?" என்று கையைக் காட்டினார். ஆங்கிலேயர்கள் மட்டுமல்ல; கனடாக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் விமானப்படையினர். பவேரியா, வூர்ட்டம்பர்க், ஆஸ்திரியா, ஹெஸ்ஸே, தூரிங்கியா என்று விழுந்த இடத்திலேயே, ஊர்ச் சர்ச் தோட்டத்திலோ காட்டோரத்திலோ புதைக்கப்பட்டவர்கள். போர் முடிந்த பிறகு ஊர் ஊராகப் போய்த் தோண்டி, சட்டையின் சலவைக்குறி, மோதிரம், பல் வரிசை என்று கிடைத்ததை வைத்து ஆளை அடையாளம் கண்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்போது இந்தப் பகுதி அமெரிக்கப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. இடத்தை அவர்களோடு பேசித் தேர்ந்தெடுத்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள்.

வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது ஒன்று கண்ணில் படும். சில இடங்களில் கற்களுக்கிடையே இடைவெளியே இல்லை. நான்கு கல், ஐந்து கல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே விமானத்தில் எரிந்தவர்கள் அவர்கள். யார் எந்த எலும்பு என்று பிரிக்க முடியாதபோது குழுவாகவே புதைத்து, கற்களை ஒட்ட நட்டார்கள்.

நான் தேடி வந்தது கிறிஸ்டபர் பேன்டன் என்ற பையனை. பையன் என்றுதான் சொல்ல வேண்டும், 19 வயது. இங்கிலாந்தின் லிங்கன்ஷர் மாவட்டத்துக்காரர். ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானத்தில் ஃப்ளைட் இன்ஜினியர். கனடா விமானப்படையின் 433ஆவது ஸ்குவாட்ரனில் பறந்தார். லிங்கன்ஷர் ஆளுக்குக் கனடாப் படையில் என்ன வேலை என்றால், கனடாவிலிருந்து பைலட்டும் நாவிகேட்டரும் வந்த அளவுக்கு இன்ஜினியர்கள் வரவில்லை. அந்த இருக்கையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பையன்கள். 1944 மார்ச் 30 இரவு யார்க்‌ஷரிலிருந்து கிளம்பினார். இலக்கு நியூரம்பர்க். திரும்பவில்லை.

அவருக்கு நான் உறவுமில்லை, ஊருமில்லை. அவருடைய இரண்டு தம்பிகள் செய்த ஒரு காரியத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து, முதலில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு அதன் பிறகு அவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று இருந்தது. கல் மற்ற கற்களைப் போலத்தான் இருக்கிறது. அடியில் ரோஜாச்செடி. ஏர்ல், லார்டு என்ற பட்டமிருந்தாலும் சாதாரணச் சார்ஜென்டாக இருந்தாலும் ஒரே உயரக் கல் என்பது இந்தக் கல்லறைகளின் பழைய விதி. அந்த விதி எனக்குப் பிடிக்கும்.

திரும்பும்போது கண்ணில் பட்டது இன்னொரு நினைவுச்சின்னம். பிரிக்கப்படாத இந்தியாவின் படையிலிருந்து வந்து, பிரான்சிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதிகளாக இறந்த 23 பேருக்கானது. அவர்களுடைய மதப்படி உடல்கள் எரியூட்டப்பட்டன, ஆகவே கல்லறை இல்லை. ரொம்பப் பேருக்கு இந்தக் கதையே தெரியாது: வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஐரோப்பிய முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். கிழக்கு பிரான்சின் எபினாலில் அவர்களுக்கென்றே ஒரு முகாம் இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டு அந்த முகாமிலும் விழுந்தது. பலர் இறந்தார்கள். சுவர் இடிந்த வழியாக ஓடியவர்களில் ஏறக்குறைய 500 பேர் கால்நடையாகவே சுவிட்சர்லாந்து எல்லையைத் தொட்டுவிட்டார்கள். விமானத்திலிருந்து விழுந்தவர்களுக்கும் விமானத்துக்குக் கீழே மாட்டியவர்களுக்கும் இந்தப் போர் ஒரே மைதானத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது.

நியூரம்பர்க் இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 795 விமானங்கள் போயின, 95 திரும்பவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்குப் போர் முழுவதிலும் ஒரே இரவில் அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. நிலவு இருந்த இரவு. வழியெல்லாம் மேகம் மறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள், மறைக்கவில்லை. வழக்கமாக எதிரியைக் குழப்பப் பாதையை வளைத்து வளைத்துப் போடுவார்கள். அன்றைக்கு பெல்ஜியத்திலிருந்து தூரிங்கியா வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடு. குளிர்ந்த உயரக் காற்றில் ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் வெள்ளை வால் நீண்டு, நிலா வெளிச்சத்தில் வழிகாட்டியது. ஜெர்மன் இரவு விமானங்கள் சிலவற்றில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகள் இருந்தன. அடியில் ஒட்டிக்கொண்டே பறந்து, இறக்கையிலுள்ள பெட்ரோல் டேங்க்கைச் சுடுவார்கள். மேலே இருப்பவருக்குச் சுடுகிறவர் தெரியவே மாட்டார். 540க்கும் மேற்பட்ட விமானப்படையினர் செத்தார்கள். 1940இல் நடந்த பிரிட்டன் வான்போர் முழுவதிலும் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த போர் விமானிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அவ்வளவுதான். நியூரம்பர்க் நகரத்துக்கு அன்றைக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. அங்கே மட்டும் மேகம் கவிந்துகொண்டது. சில விமானங்கள் வழிதவறி ஷ்வைன்ஃபர்ட்டில் குண்டைக் கொட்டிவிட்டு வந்தன. நியூரம்பர்க்கின் கணக்குத் தீர்ந்தது 1945 ஜனவரி 2இல். பழைய நகரம் அப்படியே போயிற்று, 1,800 பேர் அளவில் செத்தார்கள்.

யாராவது திரும்பவில்லை என்றால் மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதைப் படித்தபோது எனக்கு அந்த ஏற்பாட்டின் கச்சிதம்தான் உறைத்தது. முகாமில் அதற்கென்றே ஒரு குழு இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குள் வந்து, காலியான கட்டில்களுக்கு அடியிலிருந்து பெட்டிகளை எடுத்து, கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, வீட்டுக்குப் போகக் கூடாதவற்றை (இன்னொரு பெண்ணின் கடிதம் மாதிரி) எடுத்துவிட்டு, மீதியைக் கட்டி அனுப்பும். சாயங்காலம் அதே கட்டிலில் புதிய ஆள் படுத்திருப்பார். வீட்டுக்குத் தந்தி போகும். 'காணவில்லை' என்பதற்கும் 'இறந்தார்' என்பதற்கும் நடுவில் மாதக்கணக்கில் ஒரு நம்பிக்கை ஓடும். பேன்டன் வீட்டிலும் அப்படித்தான் ஓடியிருக்கும். அப்புறம் அது பேசாத பேச்சானது. தம்பிகள் பிரெட்டும் ஹெரால்டும் அப்போது சிறுவர்கள். வளர்ந்து விவசாயம், கோழிப்பண்ணை என்று ஆனார்கள். 1970களின் தொடக்கத்தில்தான் பிரெட் டுர்ன்பாக் வந்து அண்ணன் கல்லைப் பார்த்தார், படம் எடுத்துப்போய் வீட்டில் காட்டினார்.

போட்டோ போதவில்லை அவர்களுக்கு. விமானம் வேண்டும் என்று தோன்றியது. இது எனக்குப் புரிகிற பைத்தியம்.

அண்ணன் பறந்த ஹாலிஃபாக்ஸ் கிடைத்திருந்தால் அதைத்தான் வாங்கியிருக்க முடியும். ஆனால் 6,000க்கும் மேல் செய்த ஹாலிஃபாக்ஸ்களைப் போர் முடிந்ததும் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒன்றைக்கூட முழுதாக வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை யாருக்கும். 1973இல் நார்வேயின் ஒரு ஏரியிலிருந்து ஒன்றைத் தூக்கினார்கள். 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப்போய், உறைந்த ஏரிமேல் இறங்கி, பனிக்கட்டி உருகியதும் மூழ்கியது அது. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், சீர்செய்யாமல், துருவும் கிழிசலுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். அது எந்த ஸ்குவாட்ரன் தெரியுமா? 35ஆவது. அதன் முழுப்பெயர் '35ஆவது மதராஸ் மாகாண ஸ்குவாட்ரன்'. போர் நிதி திரட்டிக் கொடுத்த காலனிகளுக்கு நன்றியாக இப்படிப் பெயர் சூட்டினார்கள். 102க்கு சிலோன், 97க்கு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், 214க்கு மலேயா சமஸ்தானங்கள். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ அந்த உண்டியலில் காசு போட்டவருக்கு அது பெர்லின் மேல் விழப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

சகோதரர்களுக்குக் கிடைத்தது லங்காஸ்டர் என்ற இன்னொரு ரகக் குண்டுவீச்சு விமானம். எண் என்எக்ஸ் 611. 1945 ஏப்ரலில் பர்மிங்காமுக்குப் பக்கத்திலுள்ள ஆஸ்டின் ஆலையில் செய்தது. ஜப்பானோடு சண்டைக்கு அனுப்ப வைத்திருந்தார்கள், அதற்குள் போர் முடிந்தது. பிரெஞ்சுக் கடற்படை வாங்கிப் பசிபிக்கில் நியூ கலிடோனியா வரை கொண்டுபோய் ஓட்டியது. 1964இல் சிட்னி, மறு ஆண்டு இங்கிலாந்து, பிறகு பல ஊர்களில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தம். 1970களில் லிங்கன் பக்கத்து ஸ்காம்ப்டன் விமானத்தளத்தின் வாசலில் காவல் பொம்மையாக நின்றது. 1983இல் பேன்டன் சகோதரர்கள் வாங்கினார்கள். 1988இல் கழற்றி லாரிகளில் ஏற்றி ஈஸ்ட் கர்க்பி என்ற தங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடமும் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானத்தளம். 57, 630 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்கள் அங்கிருந்து பறந்தன. கோழிப்பண்ணைக்காரர்கள் அதில் ஒரு பகுதியை வாங்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு கொட்டகை போட்டு, விமானத்தை உள்ளே தள்ளி, இன்ஜினை ஓடவைக்க உட்கார்ந்தார்கள்.

லிங்கன்ஷருக்கு என்னைக் கூட்டிப்போனவர் பீட்டர்பரோவில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர். என்னைவிடப் பத்து வயது இளையவர், "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். காரில் ஏறும்போதே கேட்டார்: "பொம்மர் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" அவர் குழந்தையாக இருந்த காலத்தில் வலிகாமத்தில் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டியிருந்தார்கள். சத்தத்தை வைத்தே வருவது எது என்று சொல்லிவிடுவார்களாம். பீப்பாய்க் குண்டைத் தள்ளிவிட்டுப் போன சரக்கு விமானத்துக்குச் சகடை என்று பேர்.

லிங்கன்ஷர் தட்டையான ஊர். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கோதுமை. பெரும்பகுதியில் மேடு என்று ஒன்றும் கிடையாது, வானம்தான் பாதி. அதனால்தான் இங்கே ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தபோது இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கு அருகில் விமானத்தளங்கள் இருந்தன. இன்றைக்கும் வயலுக்கு நடுவே திடீரென்று அகலமான கான்கிரீட் பட்டை ஒன்று வந்து, எங்கும் போகாமல் நின்றுபோகும். சர்க்கரைக் கிழங்கைக் குவித்து வைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஈஸ்ட் கர்க்பியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பழைய கோலத்தில் நிற்கிறது. சாப்பாட்டு இடத்துக்கு நாஃபி என்று அந்தக் காலப் படைக்கேன்டீன் பெயரையே வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் விமானம். இறக்கை 31 மீட்டர். அடியில் போய் நின்றால் குண்டு வைக்கும் வயிறு பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரே குகை. இதற்குள் வைத்துக் கொண்டுபோவதற்காகத்தான் மற்ற எல்லாமே. ஆட்களுக்கு இடம் மிச்சம் இருந்ததில் ஒதுக்கியது. பின்பக்க வாசலில் ஏறி உள்ளே முன்பக்கம் போக வேண்டுமென்றால், நடுவில் இறக்கைகளைத் தாங்கும் உத்தரம் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அதன்மேல் ஏறித் தவழ்ந்து தாண்ட வேண்டும். ஆட்டுத்தோல் ஜாக்கெட், பாராசூட் வார், ஆக்சிஜன் குழாய் எல்லாம் மாட்டிக்கொண்டு, இருட்டில், விமானம் எரிந்து சுழலும்போது தாண்டுவதை நினைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் தப்பிக்கும் கதவு தரையில் ஒரு சிறு சதுரம். ஹாலிஃபாக்ஸிலிருந்து குதித்துப் பிழைத்தவர்களின் விகிதத்தைவிட லங்காஸ்டரிலிருந்து பிழைத்தவர்களின் விகிதம் பெரிதும் குறைவு. அப்போது குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் இளைஞராக இருந்த ஃப்ரீமன் டைசன் — பின்னாளில் பெரிய இயற்பியலாளர் — அந்தக் கதவைப் பற்றிய கோபத்தை முதுமை வரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஃப்ளைட் இன்ஜினியருக்கு பைலட்டின் வலப்பக்கத்தில் மடக்கு இருக்கை. இருக்கை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு கான்வாஸ் பட்டை. பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பார். பக்கச் சுவரில் பெட்ரோல் அளவு, எண்ணெய் அழுத்தம், வெப்பம் காட்டும் டயல்கள். நான்கு இன்ஜின், ஆறு டேங்க். எதிலிருந்து எதற்கு எப்போது மாற்றுவது என்பது இவர் வேலை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணையும் தாளில் குறிக்க வேண்டும். கிளம்பும்போது பைலட்டின் கைக்குப் பின்னால் தன் கையை வைத்து நான்கு விசைப்பிடிகளையும் முழுக்கத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்து ஓரிரு வருடமே ஆன பையன்.

குண்டுவீச்சுப் படையில் 1,25,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் செத்தார்கள். எல்லோரும் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள். 30 முறை போய்த் திரும்பினால் ஓய்வு. பயந்து மறுத்தவர்களின் கோப்பில் 'மன உறுதி இல்லாதவர்' என்று முத்திரை விழும். அந்த முத்திரைக்குப் பயந்தே போனவர்கள் எத்தனை பேரோ.

பிற்பகலில் விமானத்தை வெளியே இழுத்தார்கள். இது பறக்காது, ஆனால் நான்கு இன்ஜினும் ஓடும், புல்தரையில் சுற்றிவரும். கணிசமான தொகை கட்டினால் உள்ளே உட்கார்ந்தும் போகலாம். முதல் இன்ஜின் சுற்ற ஆரம்பித்து, இருமி, புகைபோக்கிகளில் நீலமும் மஞ்சளுமாக நெருப்பு துப்பிப் பிடித்துக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு. மெர்லின் இன்ஜின் சத்தத்தைப் பலர் சங்கீதம் என்கிறார்கள். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் தெரிகிறது. புல் முழுக்க ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், காற்றுக்கா மரியாதைக்கா தெரியவில்லை. குழந்தைகள் கைதட்டின.

நண்பரைத் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை. நாஃபியில் சுவரோரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்கள் பாருங்கோ அண்ணை, எனக்கு உந்தச் சத்தம் வேண்டாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. இந்தச் சத்தம் இரண்டு விதமாகக் கேட்கும் என்பது ஈஸ்ட் கர்க்பிக்கு வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கின் நிலவறைகளுக்குள் இருந்தவர்களுக்கு அது வேறு. அந்தத் தாக்குதல்களில் செத்தவர்கள் 35,000க்கும் அதிகம். டிரெஸ்டனில் 25,000 வரை. இன்ஜின் சத்தத்துக்குக் கைதட்டுவதில் எனக்கும் ஒரு கூச்சம் இருந்தது. ஆனால் அதே இடத்தில், அண்ணன் செத்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, அவர் கடைசியாகக் கேட்ட சத்தத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒன்றைத் தம்பிகள் கைமுழுக்க கிரீஸோடு மீண்டும் எழுப்பினார்கள் என்பதும் உண்மை. (கிட்டத்தட்ட என்றேன், அண்ணனுடைய ஹாலிஃபாக்ஸ் ரகத்தில் இருந்தது வேறு இன்ஜின், ஹெர்குலிஸ்.) பிரெட் 2013இல் காலமானார். குடும்பம் தொடர்ந்து நடத்துகிறது. விமானத்தை மறுபடி பறக்கவைக்க ஒவ்வொரு குளிர்காலமும் தகடு தகடாகப் பிரித்து வேலை செய்கிறார்கள். 7,377 லங்காஸ்டர் செய்ததில் இன்று வானத்தில் பறப்பவை இரண்டுதான், ஒன்று பக்கத்து ஊர் கோனிங்ஸ்பியில், ஒன்று கனடாவில்.

வழியில் நண்பர் பேசாமல் ஓட்டினார். ஹார்ன்காசில் தாண்டியதும் சொன்னார்: "குண்டு போட்டவனுக்கும் தம்பிமார் இருப்பினம் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை."

லிங்கனில் கேன்விக் குன்றின்மேல் சர்வதேச குண்டுவீச்சுப் படை மையம் இருக்கிறது. 2018இல் திறந்தார்கள். எதிர்க் குன்றில் லிங்கன் கதீட்ரல்; திரும்பி வரும் விமானங்களுக்கு விடிகாலையில் முதலில் தெரியும் அடையாளம் அதுதான். மையத்தின் நடுவில் லங்காஸ்டரின் இறக்கை நீளத்துக்குச் சமமான உயரத்தில் துருப்பிடித்த எஃகுக் கூம்பு. சுற்றிலும் வளைந்த எஃகுச் சுவர்கள், அவற்றில் எழுத்து எழுத்தாகத் துளைத்த பெயர்கள், ஏறக்குறைய 58,000. இவ்வளவு காலம் ஏன் தாமதம் என்றால், டிரெஸ்டனுக்குப் பிறகு இந்தப் படையை என்ன செய்வதென்று பிரிட்டனுக்கே தெரியவில்லை. தனிப் பதக்கம் கொடுக்கவில்லை. லண்டனில் நினைவுச்சின்னம் 2012இல்தான் வந்தது, சீருடையில் குத்த ஒரு சிறு பட்டை 2013இல். அதற்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அனுப்பியது அரசாங்கம், இலக்கைத் தீர்மானித்தது அதிகாரிகள். கூச்சத்தைச் சுமந்தது மட்டும் பையன்களின் வீடுகள் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேன்டன் பெயரைக் கண்டுபிடித்தோம். துளைத்த எழுத்துக்குள் யாரோ காகிதப் பாப்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். பல பெயர்களில் அப்படி இருந்தது. நண்பர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது, நடுவில் வானம்.

"சிலோன் ஸ்குவாட்ரன்காரரும் இதுக்குள்ள இருக்கினமோ?"

"நிறைய. 102 ரொம்ப ஆட்களை இழந்த ஸ்குவாட்ரன்களில் ஒன்று. ஆனால் அவர்கள் சிலோன்காரர்கள் இல்லை, பெயர் மட்டும்தான்."

"பேரை எழுத விட்டிருக்கிறாங்கள் அண்ணை. அதே பெரிய விசயம்."

கீழே செத்தவர்களின் பெயர் இந்தச் சுவரில் இல்லையே என்று நான் இழுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவையின்ர பேரை அவையின்ர ஊரில எழுதட்டும். எல்லாரையும் ஒரு மதில்ல எழுதினால் ஆரும் வாசிக்க மாட்டினம்." அது சரியா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஆனால் மையத்தைக் கட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியாமலில்லை. உள்ளே கூடத்தில் பறந்தவர்களின் குரல்களோடு, அடியில் இருந்தவர்களின் வாக்குமூலங்களையும் வைத்திருக்கிறார்கள். நான் நாவிகேட்டர் மேசை, தந்திகள் என்று சுற்றிவிட்டு வந்தபோது நண்பர் ஒரு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். நிலவறையில் இருந்த ஒரு பெண் பேசுகிற பதிவு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். மூடும் நேரம் என்று ஊழியர் வந்து சொல்லும்வரை கழற்றவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"நிலவறை எண்டு சொல்லுறா. அவைக்கு மேல மூண்டு மாடி வீடு அண்ணை. எங்களுக்குப் பனங்குத்தியும் மண் மூட்டையும்தான். குண்டு விழேக்க பிள்ளையின்ர வாய்க்குள்ள துணி வைச்சதாம், பல்லு அடிபடாமல் இருக்க. அது நாங்களும் செய்தனாங்கள்."